பொட்டு வைத்த ரின்

அக்கராயன்,
26.09.2023

அன்புள்ள தம்பி தயாபரனுக்கு,

இங்கே அத்தானும் நானும் சுகம். சுகம் என்று எழுதுவது முறை, அதனால் எழுதுகிறேன். என்னுடைய முழங்காலைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும். நீயும் மேனுகாவும் எப்படி என்று கேட்டு ஓகஸ்ட் மாதம் ஒரு கடிதம் தந்துவிட்டேன். பதில் இல்லை. படுக்கையில் கிடக்கிறாயோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். பிறகு முறிகண்டியில் கச்சான் விற்கிற ராஜினி, உன்னைப் புளியங்குளச் சந்தியில் புது மோட்டார் சைக்கிளில் கண்டதாகச் சொன்னாள். கவலையை விட்டுவிட்டேன்.

என் போன் வாய்க்காலில் விழுந்து செத்தது உனக்குத் தெரியும். இன்னொன்று வாங்க மாட்டேன். போனில் உன்னைப் பிடித்தால் "அக்கா, கடையிலை சனம் நிக்குது, பிறகு எடுக்கிறன்" என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. உனக்கு ஏதும் அவசரம் என்றால் பக்கத்து வீட்டுத் தர்சனின் நம்பர் உன்னிடம் இருக்கிறது. ஓடிவந்து கூப்பிடுவான்.

விசயத்துக்கு வருகிறேன். பெரும்போக உழவு தொடங்கப்போகிறது. போன வருசம் எங்கோ வாங்கிய ஒயிலால் இங்கே இரண்டு பேரின் மெசின் பழுதாய்ப் போனது. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு மணித்தியாலம் சத்தம். பிளாஸ்டிக் கானை யாரும் திறந்து மூடலாம், இரும்பு ரின் என்றால் கொம்பனிச் சீல், உடைத்தால் தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாதே. எழும்பி, "என்ரை தம்பி புளியங்குளத்திலை ஒயில் கடை வைச்சிருக்கிறான். அவனிட்டை இரும்பு ரின் எடுப்பம். நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். பதினொரு மெசின், பதினொரு ரின். அத்தானின் டிராக்டரும் அதில் ஒன்று.

பரமேஸ்வரன் கொண்டக்டராக வருகிற பஸ்ஸில் ஏற்றி, முறிகண்டியில் ராஜினியின் கடையில் இறக்கச் சொல். அங்கிருந்து நாங்கள் எடுப்போம். இந்தக் கடிதமும் அவர் கையில்தான் வருகிறது. பதிலை அவரிடமே கொடு, முத்திரைக்கு அலைய வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன் அக்கா,
நேசமலர்


புளியங்குளம்,
05.10.2023

பேரன்பு கொண்ட அக்காவுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் மேனுகாவும் குறையில்லாமல் இருக்கிறோம். அத்தானின் சுகத்தையும் உங்கள் முழங்காலின் சுகத்தையும் கேட்டதாகச் சொல்லுங்கள். ஓகஸ்ட் கடிதம் கிடைத்தது. வேலைப் பளுவில் எழுத முடியவில்லை. மன்னிக்க வேண்டும்.

ரின் விசயம். அக்கா, நீங்கள் என்னைக் கேட்காமல் கூட்டத்தில் வாக்குக் கொடுத்தது சரியில்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம். இப்போது இரும்பு ரின் வருவது குறைவு. வந்தாலும் பஸ்ஸில் பதினொன்றை ஏற்றினால் பரமேஸ்வரன் அண்ணை முகத்தை நீட்டுவார். மற்றப் பத்துப் பேரையும் தங்களுக்கு வசதியான இடத்தில் வாங்கச் சொல்லுங்கள். அத்தானுக்கு மட்டும் நான் ஒன்று அனுப்புகிறேன். அது என் பொறுப்பு.

ஊருக்கெல்லாம் பொறுப்பு நிற்கிற பழக்கத்தை இனியாவது விடுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் பணிவுள்ள தம்பி,
தயாபரன்


அக்கராயன்,
08.10.2023

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். சுகம்தானே.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒயில் விற்கிறவன் ஒயில் வாங்க வேண்டாம் என்று எழுதியதை இப்போதுதான் காண்கிறேன். இரும்பு ரின் வருவது குறைவாம். உன் கடையின் பின்முற்றத்தில் என் உயரத்துக்கு ரின் அடுக்கியிருக்கிறது என்று ராஜினி சொல்கிறாள். அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது கண்டாளாம். அவளுக்குக் கண் பழுதா, உனக்கு எண்ணத் தெரியாதா?

பத்துப் பேருக்கும் வேறு இடத்தில் வாங்கச் சொல்லி, எங்களுக்கு மட்டும் உன்னிடம் எடுத்தால் சனம் என்ன நினைக்கும்? நேசமலர் கூட்டத்தில் வாயடித்தாள், பிறகு தன் வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டாள் என்று சொல்லுவார்கள். எனக்கு இங்கே இருப்பது மூன்று ஏக்கர் வயலும் என் வாயும்தான். அந்த வாய்க்கு ஒரு மதிப்பு இருக்கிறது, அதைக் கெடுத்துவிடாதே.

உனக்கு ஏற்றி அனுப்பப் பஞ்சி என்றால் சொல்லு. அத்தான் டிராக்டருக்குப் பின்னால் இழுவைப் பெட்டியைக் கொழுவிக்கொண்டு வருவார். நானும் வருகிறேன். பின்முற்றத்தில் நானே பார்த்து எடுக்கிறேன்.

அக்கா,
நேசமலர்


புளியங்குளம்,
22.10.2023

பேரன்பு கொண்ட அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பதில் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம்.

நீங்கள் வர வேண்டாம். அத்தானும் இந்த மழையில் அவ்வளவு தூரம் டிராக்டர் ஓட்ட வேண்டாம். பதினொரு ரின்னும் செவ்வாய்க்கிழமை விஜயதசமியன்று காலைப் பஸ்ஸில் வரும். நல்ல நாள். நாளைக்குக் கடையில் ஆயுத பூசை. அது முடிந்த கையோடு ஏற்றிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை இப்போதே மேல் ரின்னோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும்.

ஒரு விசயம் மட்டும். ஒரு ரின்னின் மூடியில் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறேன். அது அத்தானுக்கென்று சாமிக்கு முன்னால் வைத்து எடுத்தது. அதை அத்தானே எடுக்க வேண்டும். வேறு ஒருவருக்கும் மாற்றிக் கொடுக்க வேண்டாம். இதை மறந்துவிடாதீர்கள் அக்கா.

மேனுகா பூசைக்கு அவல் இடிக்கிறாள். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

என்றும் தங்கள் பணிவுள்ள தம்பி,
தயாபரன்


அக்கராயன்,
26.10.2023

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். இன்றைக்கு முழங்காலும் சுகம் என்று சொல்லலாம்.

பதினொரு ரின்னும் வந்து சேர்ந்தன. முறிகண்டியில் பஸ் நின்றால் சனம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க இறங்கும். அன்றைக்கு ஒரு பாதி சனம் உன் ரின்களைப் பார்க்க நின்றதாம். "அக்கா, பதினொரு பொம்பிளையள் வரிசையாய் இறங்கின மாதிரி இருந்தது" என்று ராஜினி சிரிக்கிறாள். ஏனென்றால் எல்லா ரின்னுக்கும் பொட்டு. ஒன்றுக்கு அல்ல, பதினொன்றுக்கும். சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்து, ஒன்றும் கோணாமல். அது மேனுகாவின் கை என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஆயுத பூசையில் கடையில் இருந்த எல்லாவற்றுக்கும் வைத்திருப்பாள். தராசுக்கும் வைத்திருப்பாள். உனக்கும் வைத்திருப்பாள்.

பொட்டு வைத்ததை அத்தானுக்குக் கொடு என்று நீ எழுதியதை நினைத்துச் சிரித்தேன். எதை என்று கொடுப்பது? ஒயில் ஒயில்தானே. அத்தான் மேலே இருந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனார். மற்றதெல்லாம் அவரவர் எடுத்துப் போனார்கள். "நேசமலரக்கான்ரை தம்பி பூசை செய்து அனுப்பியிருக்கிறார்" என்று சனத்துக்குச் சரியான சந்தோசம். கேட்க எனக்கும் பெருமையாக இருந்தது, அதை மறைப்பானேன்.

நீ வேண்டாம் என்றதைக் கேட்காமல் சண்டை பிடித்ததற்குக் குறை நினைக்காதே. மழைக்குள் நனையாமல் இரு.

அன்புடன் அக்கா,
நேசமலர்


புளியங்குளம்,
28.10.2023

அக்கா,

உங்கள் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. ஒரு ரின்னும் திறக்க வேண்டாம். எல்லாவற்றையும் அப்படியே திருப்பி முறிகண்டியில் வைத்துவிடுங்கள். மேனுகா எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்ததை நான் கவனிக்கவில்லை. கொம்பனியில் ஏதோ மாறி வந்திருக்கிறது. பெரிய விசயம் இல்லை. அத்தானை ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சுகம் விசாரிக்க நேரமில்லை.

தயாபரன்


அக்கராயன்,
07.11.2023

தம்பிக்கு,

சுகமில்லை. முறைக்கும் எழுத மனம் வரவில்லை.

போன வெள்ளிக்கிழமை, மூன்றாம் திகதி, அத்தானின் டிராக்டர் நின்றது. குளத்துக்குக் கீழ் வயலில் சேற்றில் உழுதுகொண்டிருந்தார். முதலில் முனகியது, பிறகு இரும்பை இரும்பால் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு நின்றது. நான் சாப்பாடு கொண்டு போனபோது அவர் சீற்றிலேயே இருந்தார். இறங்கவில்லை. "ஏனப்பா இருக்கிறியள்" என்றேன். "இறங்கினால் பிறகு ஏறேலாது, நேசம்" என்றார்.

மெக்கானிக் பழனியாண்டி சைக்கிளில் வந்தார். கீழ் நட்டைக் கழற்றி ஒயிலை உள்ளங்கையில் ஏந்தினார். விரலால் தேய்த்தார். மணந்தார். என் மூக்கிலும் பிடித்தார். "இது புது ஒயில் இல்லீங்கம்மா. ஓடின ஒயிலைத் துணியில வடிச்சு, மண்ணெண்ணெய் விட்டு இளக்கியிருக்காங்க. கிராங்க் பிடிச்சிருச்சி. இந்தப் போகத்துக்கு இது எழும்பாதுங்க" என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போனேன். சீல் உடையாத ரின், என்ரை தம்பி அனுப்பினது, வாயை அளந்து கதையுங்கோ என்று அந்த மனிசனைப் பேசினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

உன் துண்டுக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை கைக்கு வந்தது. ராஜினியின் தாய் செத்து எட்டுச் செலவு, துண்டை வாங்கி வைக்கிற அவள் கடை ஒரு கிழமை பூட்டு. பரமேஸ்வரன் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். அதில் அவசரம் என்று வெளியில் எழுதவில்லை.

வாசித்த உடனே நான் வீடு வீடாக ஓடினேன். நாலு பேர் ஊற்றிவிட்டார்கள், ஆனால் வயலில் இறக்கவில்லை. பழனியாண்டி அதை வடித்துவிட்டார். மற்ற ஆறு பேர் திறக்கவில்லை. "தம்பி மாறி அனுப்பிப் போட்டான்" என்று எல்லோரிடமும் சொன்னேன். உனக்காகச் சொன்ன முதல் பொய் அது.

இப்போது நீ எனக்கு இரண்டு கேள்விக்குப் பதில் எழுது.

ஒன்று. கொம்பனியில் மாறியது என்றால், எது நல்லது என்று உனக்கு எப்படி முதலே தெரியும்? அத்தானுக்கென்று ஒன்றுக்குப் பொட்டு வைத்தாய். மேனுகா எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டாள் என்றவுடன் ஒன்றையும் திறக்க வேண்டாம் என்கிறாய். அப்படியென்றால் பொட்டில்லாத பத்துக்குள்ளும் என்ன இருந்தது?

இரண்டு. தர்சனின் நம்பர் உன்னிடம் இருக்கிறது. போன தீபாவளிக்கு அதற்குத்தான் எடுத்து எங்களோடு கதைத்தாய். இருபத்தெட்டாம் திகதி அதே நம்பருக்கு எடுத்து, "அத்தானை ஒயில் ஊத்த வேண்டாமெண்டு சொல்லு" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் அன்றைக்கே போதும். நீ பேப்பர் எடுத்து, பேனை எடுத்து, பஸ்ஸுக்குக் காத்திருந்தாய். ஏன்?

நேசமலர்


புளியங்குளம்,
14.11.2023

பேரன்பு கொண்ட அக்காவுக்கு,

அத்தானின் டிராக்டர் நின்றதைக் கேட்டு நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நம்பினால் நம்புங்கள்.

நீங்கள் பொலிஸ்காரர் மாதிரி ஒன்று, இரண்டு என்று கேட்கிறீர்கள். கடை வைத்திருக்கிறவனின் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது. நாடு காசில்லாமல் படுத்த வருசம் ஒரு ரின்னைக் கண்ணால் காண முடியவில்லை. வந்தது வந்த விலையில் ஒருவரும் வாங்கவில்லை. இந்த றோட்டில் எல்லோரும் ஏதோ ஒன்று செய்துதான் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் வானுக்கும் அது ஒன்றும் செய்யாது. ஒருவரும் இதுவரை வந்து குறை சொன்னதில்லை. சேற்றில் நாள் முழுக்க இழுக்கிற மெசினுக்குத்தான் தாங்காது. அது எனக்குத் தெரிந்தபடியால்தான் உங்களை முதலே வேண்டாம் என்று எழுதினேன். நீங்கள்தான் கேட்கவில்லை. பெட்டியைக் கொழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெருட்டினீர்கள். மேனுகா பொட்டு வைக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு அத்தானின் டிராக்டர் ஓடிக்கொண்டிருக்கும். கோவில் என்றும் பூசை என்றும் அவளுக்கு ஒரு அளவு இல்லை.

தர்சனுக்கு எடுக்கலாம் என்று நினைத்தேன். அவன் வாய் உங்களுக்குத் தெரியாதா? பத்து நிமிசத்தில் அக்கராயன் முழுக்க விசயம் போயிருக்கும். உங்கள் பெயரும்தான் கெட்டிருக்கும். அதையும் நினைத்துப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியதை எழுதுகிறேன். பஸ்ஸில் என்ஜினுக்குப் பக்கத்தில் வைத்துச் சூட்டில் ஒயில் பழுதாகிவிட்டது என்று சனத்துக்குச் சொல்லுங்கள். நம்புவார்கள். பதினொரு நல்ல ரின் எப்படியாவது எடுத்து அனுப்புகிறேன். அத்தானின் என்ஜினையும் நானே செய்து தருவேன்.

இந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் போடுங்கள்.

தங்கள் தம்பி,
தயாபரன்


புளியங்குளம்,
20.11.2023

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

மேனுகா எழுதுகிறேன். அண்ணையும் நீங்களும் சுகமா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது. ஆனாலும் கேட்கிறேன். இவர் கடைக்குச் சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போயிருக்கிறார். அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை வாசித்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு இவர் பதில் எழுதியிருக்க மாட்டார். நான் எழுதுகிறேன்.

இரண்டு வருசமாகப் பின்முற்றத்தில் நடக்கிறது. நல்ல ரின்னின் சீல் மூடியைத் தட்டையான கம்பியால் வளையாமல் நெம்பி எடுப்பார். பாதியை வெளியே எடுத்துவிட்டு, கராச்சுகளில் வாங்கி வருகிற பழைய ஒயிலை வடித்து ஊற்றுவார். எடுத்த பாதி வெறும் ரின்னுக்குள் போகும். அதற்கும் பழையது ஊற்றினால் ஒன்று இரண்டாகிவிடும். பிறகு புது மூடியை வைத்து ஒரு கையழுத்தியால் அமத்துவார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நான் பெற்றோல் துணியால் துடைத்துக் கொடுப்பேன். ஓம் மச்சாள், துடைத்தது நான்தான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

உங்கள் கடிதம் வந்தபோது திறக்காத ரின் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குத்தான் பொட்டு வைத்துத் தனியாக வைத்தார். "மற்றவையளுக்கு?" என்று கேட்டேன். "மற்றவையள் என்ரை அக்காவோ?" என்று சொன்னார். அந்தச் சொல் எனக்கு இரவு முழுக்கக் காதுக்குள் நின்றது. ஆயுத பூசையன்று இவர் தேங்காய் வாங்கப் போன நேரம், நான் அந்த ஒன்றை மற்றப் பத்தோடும் கலந்து அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பொட்டு வைத்தேன். பக்தியில் வைக்கவில்லை. எது நல்லது என்று தெரியாவிட்டால் ஒன்றையும் அனுப்ப மாட்டார் என்று நினைத்தேன். தன் அக்காவின் வீட்டுக்கும் போகலாம் என்று பயந்தால் நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன்.

இவர் கவனிக்கவில்லை என்று உங்களுக்கு எழுதியிருக்கிறார். கவனித்தார். செவ்வாய்க்கிழமை விடிய ரின்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். "எது?" என்று என்னைக் கேட்டார். "எனக்கும் தெரியாது" என்று சொன்னேன். உண்மையாகவே எனக்கும் தெரியாது. பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. பதினொன்றையும் ஏற்றிவிட்டார்.

நான் அப்போதே உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பொட்டு வைத்தால் போதும் என்று இருந்துவிட்டேன். அண்ணையின் டிராக்டர் நின்றதற்கு நானும் காரணம். என்னைப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மச்சாள்,
மேனுகா


அக்கராயன்,
25.11.2023

தயாபரனுக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. மேனுகாவின் கடிதத்தோடு சேர்த்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். ஓம், அவள் எனக்கு எழுதினாள். அதற்காக அவளோடு ஒரு சொல் கோபமாகக் கதைத்தாய் என்று கேள்விப்பட்டால், நான் டிராக்டர் இல்லாவிட்டாலும் நடந்தே புளியங்குளம் வருவேன்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். திறக்காமல் இருந்த ஆறு ரின்னையும் பழனியாண்டி என் முற்றத்தில் வைத்து உடைத்துப் பார்த்தார். ஐந்து கறுப்பு. ஒன்று தேன் நிறம். அந்த ஒன்று வடிவம்மாவுக்குப் போன ரின். புருசன் செத்த பிறகு இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டரைத் தானே ஓட்டி உழுகிறாளே, அந்த வடிவம்மா. அவள் அதைத் திரும்ப மூடி, என் வாசலில் கொண்டுவந்து வைத்தாள். "இது ஒங்க வூட்டுக்கு வந்ததா இருக்குங்க அக்கா. மாறி எங்கிட்ட வந்திருச்சி" என்றாள். நான் அவளுக்கு ஒன்றுமே சொல்லவில்லை, தயாபரன். அவளாகவே விளங்கிக்கொண்டாள். கோபமும் படவில்லை. அவளுக்கு நல்லது வராது என்பது அவளுக்குப் பழகிப்போன விசயம் மாதிரி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. திருப்பிக் கொண்டுபோய் அவள் மெசினுக்கு நானே ஊற்றிவிட்டு வந்தேன்.

அத்தானுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார், அதோடு என் வயிற்றெரிச்சலும் ஆறும் என்று பார்த்தேன். அவர், "பாவம், எங்களுக்கு நல்லதைத்தானே தனிய எடுத்து வைச்சவன்" என்றார். இந்த மனிசன் இப்போது விடிய எழும்பி மண்வெட்டியோடு கூலிக்கு வரம்பு கட்டப் போகிறார். டிராக்டர் கிடுகால் மூடிக் கிடக்கிறது. எங்கள் மூன்று ஏக்கரை மற்றவர்கள் இரக்கப்பட்டுத் தங்கள் மெசினால் உழுது தந்தார்கள். நீ பழைய ஒயில் அனுப்பிய மெசின்கள்தான் அவை. அத்தானுக்கு உன்மேல் பாசம் கூடிப்போய் நிற்கிறது. எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

நான் இரவும் பகலும் யோசிப்பது வேறு. மேனுகா கலக்காமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? பத்துப் பேரின் மெசினும் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சேற்றில் நின்றிருக்கும். எங்களுடையது மட்டும் ஓடியிருக்கும். நான் என்ன செய்திருப்பேன் தெரியுமா? கூட்டத்தில் எழும்பி நின்று, "என்ரை தம்பியின்ரை ஒயிலிலை பிழையில்லை, அதே ரின்தான் எங்கடை மெசினுக்கும் ஊத்தினது, உங்கடை மெசின்தான் கிழடு" என்று சண்டை பிடித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும். ஒருவரையும் வாய் திறக்க விட்டிருக்க மாட்டேன். வடிவம்மாவையும் பேசியிருப்பேன். பழனியாண்டியைப் பேசியது போல. அத்தானின் டிராக்டர் உனக்குச் சாட்சியாய் ஓடியிருக்கும். நான் உனக்கு வாயாய் இருந்திருப்பேன்.

அதனால் கேட்கிறேன். அந்த நல்ல ரின்னை எங்கள்மேல் உள்ள பாசத்தில் அனுப்ப நினைத்தாயா, அல்லது அக்காவின் மெசின் ஓடினால் மற்றவர்கள் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தாயா? முந்திய கேள்விகளுக்கு நீ பதில் எழுத வேண்டாம். இதற்கு எழுது.

டிசெம்பர் பத்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கமக்காரர் அமைப்புக் கூட்டம். சூட்டில் பழுதானது என்ற கதையை நான் சொல்லப் போவதில்லை. நீ வந்தால் நீ சொல்லு. வராவிட்டால் இரண்டு கடிதத்தையும் நான் வாசிப்பேன்.

நேசமலர்


புளியங்குளம்,
06.12.2023

அக்கா,

உங்கள் சுகத்தைக் கேட்கிற முகம் எனக்கு இல்லை.

மேனுகாவோடு ஒன்றும் கதைக்கவில்லை. அவள் இங்கேதான் இருக்கிறாள். கடை பத்து நாளாகப் பூட்டு.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத நாலு தரம் இருந்தேன். நாலு தரமும் பாசத்தில்தான் என்று எழுதினேன். திருப்பி வாசித்தபோது அது அத்தானின் வாயில் வந்தபோது இருந்த மாதிரி இல்லை. பிறகு கிழித்துவிட்டேன். அந்த ரின்னைத் தனியாக எடுத்து வைத்தபோது பாசம் இருந்தது, அக்கா. அது பொய் இல்லை. ஆனால் உங்கள் மெசின் ஓடினால் கதை வராது என்ற எண்ணமும் அதே நேரம் வந்தது. எது முதலில் வந்தது என்று இன்றுவரைக்கும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். கூட்டத்தில் நானே சொல்கிறேன். யாரை ஏமாற்றினேன், யார் கண்டுபிடித்தார் என்று வடிவம்மாவின் பெயரையும் பழனியாண்டியின் பெயரையும் சொல்லித்தான் சொல்லுவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அத்தானை முன்வரிசையில் இருத்த வேண்டாம். முடிந்தால் அன்றைக்குக் கூட்டத்துக்கே வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் எழும்பி என்னை மன்னித்துவிடுவார். அவர் மன்னித்த பிறகு மற்றவர்களால் என்னை ஒன்றும் கேட்க முடியாமல் போய்விடும்.

தயாபரன்